டொலரில் சம்பளம், உப்புவெளியில் வீடு

திருகோணமலையில் ஒரு குடும்பம் வாழ மாதம் எவ்வளவு வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். வெள்ளவத்தை வாடகையில் திணறுகிறவர்கள், கனடாவில் ஓய்வூதியத்தை எண்ணிப் பார்க்கத் தொடங்கியவர்கள், கொழும்பில் இருந்துகொண்டே வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்யும் இளம் தம்பதிகள். 2019 இல் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, திருகோணமலை நகரை அடுத்த உப்புவெளிக்கு வந்தபோது இதே கேள்விக்கு நான் ஒரு கொப்பியில் விடை எழுதினேன். என் தொழில் கணக்கு. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று கோடு போட்டு எழுதினேன். அதில் இருந்த எண்கள் எல்லாம் சரியானவை. அந்த எண்களுக்குள் வராத மனிதர்களைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

வெள்ளவத்தையில் இரண்டு அறை வீட்டுக்கு மாதம் 65,000 ரூபா கொடுத்தோம். உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில், கிணறும் தென்னைகளும் ஒரு முருங்கையும் உள்ள வளவோடு முழு வீடும் 25,000. மகளின் பள்ளிக்கூட வான் காசு பாதியாகியது. கொழும்பில் ஓட்டோவுக்குப் போன காசு இங்கே ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்குள் அடங்கியது. விடியப்புறம் கரைக்குப் போனால் வலையில் இருந்து அப்போதுதான் கழற்றிய சூடையும் பாரைக்குட்டியும் வாங்கலாம். முதல் மாதக் கடைசியில் மிஞ்சியதைப் பார்த்து மனைவி இரண்டாம் தரம் கூட்டிப் பார்த்தாள். நான் பிறந்தது இந்த ஊரில்தான். 1990 இல் குடும்பம் வெளியேறியபோது சின்னப் பிள்ளை. விட்டுப்போன ஊருக்கே திரும்பி வர முடிந்தது, அதுவும் குறைந்த செலவில் என்பதை ஒரு பேறாக நினைத்தேன்.

என் சம்பளம் டல்சாவில் இருந்து வருகிறது. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் உள்ள நகரம் அது. அங்குள்ள ஒரு சிறிய நிறுவனத்துக்கு இரவில் இருந்து கணக்குப் புத்தகம் எழுதிக் கொடுக்கிறேன். அமெரிக்காவில் வாழ்க்கைச் செலவு மிகக் குறைந்த மாநிலங்களை வரிசைப்படுத்தினால் ஒக்லஹோமா எப்போதும் முன்வரிசையில் நிற்கும். எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் நியூயோர்க்கிலும் கலிபோர்னியாவிலும் இருப்பவர்கள். தங்கள் ஊர்ச் சம்பளத்தில் கணக்காளர் வைக்கக் கட்டாது என்று அவர்கள் டல்சாவுக்கு வந்தார்கள். டல்சாச் சம்பளமும் கூட என்று அந்த நிறுவனம் என்னிடம் வந்தது. அந்த ஏணியின் கடைசிப் படி நான்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அந்த நகரத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. பெயர் டல்சா ரிமோட். 2018 இல் தொடங்கியது. வெளியூர் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டு டல்சாவில் குடியேற வருகிறவருக்கு 10,000 டொலர் கொடுக்கிறார்கள். காசு கொடுப்பது ஜோர்ஜ் கைசர் குடும்ப அறக்கட்டளை. வேலையை அங்கே தேடாதே, சம்பளத்தை வெளியில் இருந்து கொண்டுவந்து இங்கே செலவழி என்பதுதான் அதன் சாரம். எனக்கு மேலே வேலை செய்யும் அம்மையார் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். அங்கே வீடு மலிவுதானே என்று ஒருநாள் கேட்டேன். வீடு மலிவு, வீட்டுக் காப்புறுதி மலிவில்லை என்றார். சூறாவளியும் ஆலங்கட்டி மழையும் அடிக்கிற மாநிலம் என்பதால் வீட்டுக் காப்புறுதிக் கட்டணம் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. பேருந்தை நம்பி வாழ முடியாது. வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு கார் வேண்டும். மணிக்கு 7.25 டொலர் என்ற ஆகக்குறைந்த கூலியோ 2009 இல் வந்து, பதினைந்து வருடம் கடந்தும் அப்படியே நின்றது. வெளியில் இருந்து வருகிறவர் வீட்டு விலையை மட்டும் பார்க்கிறார், உள்ளூர்க்காரர் சம்பளச் சீட்டையும் சேர்த்துப் பார்க்கிறார் என்று அவர் சொன்னதை அன்று ஒக்லஹோமாவைப் பற்றிய பேச்சாக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு அரைநாள் வேலைக்கு ஓர் அக்கா வந்தார். பின் ஒழுங்கையில் 7,000 ரூபா வாடகைக்கு இருந்தார். கணவர் மீனவர். வள்ளம் சொந்தம், எஞ்சின் முதலாளியுடையது. பிடித்ததை அந்த முதலாளிக்குத்தான் கொடுக்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். அக்காவுக்கு மாதம் 12,000 கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் 8,000 கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் மனம் நிறைவாக இருந்தது. கொப்பியில் அந்தத் தொகை வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் கீழே ஒரு வரி. கொழும்பில் இதே வேலைக்குக் கொடுத்திருக்க வேண்டியதோடு ஒப்பிட்டு, ஊர் மலிவு என்பதற்கு இன்னொரு சான்றாகத்தான் அதையும் எழுதினேன்.

வந்த புதிதில் ஒருநாள் சந்தையில் இருந்து திரும்பி, இங்கே எல்லாம் எவ்வளவு மலிவு என்று அவரிடம் சொன்னேன்.

“மலிவோ? எது தம்பி மலிவு?” என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மீனைச் சொன்னேன். “அது நாங்கள் பிடிக்கிறது” என்றார்.

அந்தப் பதிலின் பொருளை 2020 ஒக்டோபரில் கண்ணால் பார்த்தேன். கொழும்பை அடுத்த பேலியகொட மீன் சந்தையில் கொரோனாத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டு சந்தை மூடப்பட்டது. இலங்கை முழுவதும் மீன் தின்னவே சனம் பயந்தது. இங்கே பிடிபடும் நல்ல மீனெல்லாம் ஐஸ் பெட்டியில் லொறி ஏறிக் கொழும்புப் பக்கம் போய்விடும். அந்த வாரங்களில் லொறி வரவில்லை. அறுக்குளாவைக் கிலோக் கணக்கில் கேட்கத் தேவையில்லை, முழு மீனாகத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். குளிர்சாதனப் பெட்டியை நிரப்பினோம். கொப்பியில் அந்த மாதம் சாப்பாட்டுச் செலவு அதற்கு முன்னும் பின்னும் இல்லாத அளவு குறைந்தது. அதே மாதத்தில் அக்காவின் காதுத் தோடு அடைவுக்குப் போனது. என் செலவுப் பக்கத்தில் குறைந்த ஒவ்வொரு ரூபாவும் பின் ஒழுங்கையில் ஒருவரின் வரவுப் பக்கத்தில் குறைந்த ரூபா. கணக்குப் படித்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரட்டைப் பதிவு முறையின் முதல் பாடமே அதுதான்.

2022 மார்ச் தொடங்கும்போது ஒரு டொலருக்கு 200 ரூபாவுக்குச் சற்று மேல் கிடைத்தது. மே மாதத்தில் 360. டல்சாவில் இருந்து வந்த சம்பளத்தில் ஒரு சதமும் கூடவில்லை. ரூபாவாக மாற்றும்போது அது முக்கால் பங்கு கூடியிருந்தது. நாடு வங்குரோத்தாகிய மாதங்களில் நான் வசதிக்காரனாகினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மேலே சொன்னதற்கும் பொருளில்லை.

அந்த மே மாதத்தில் பதவி விலகிய பிரதமர் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வந்து தங்கியதும், தளத்தின் வாசலில் சனம் கூடியதும் உலகச் செய்தியாகியது. ஒழுங்கைக்குள் பேச்சு வேறு. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கும் முன் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் கொழும்பிலேயே 4,860. நூறு ரூபாவைச் சுற்றி இருந்த நாட்டரிசிக்கு அரசு விதித்த உச்ச விலை கிலோ 220. யூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். தனியார்துறைக்குச் சட்டம் விதித்த ஆகக்குறைந்த மாதச் சம்பளமோ 12,500, நிவாரணக் கொடுப்பனவாக 3,500 சேர்த்தால் 16,000.

கடலுக்குப் போகிறவர்களுக்கு அடி விழுந்தது மண்ணெண்ணெயில். சிறு வள்ளங்களின் எஞ்சின் ஓடுவது அதில்தான். முதலில் பல மாதம் கிடைக்கவே இல்லை. ஓகஸ்ட் 22 ஆம் திகதி லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ஆகியது. ஒரு தரம் போய்வர 20 லீற்றர் எரிக்கும் வள்ளத்துக்கு ஒரே நாளில் 5,000 ரூபாச் செலவு கூடியது. பிடிபடும் மீன் அதற்காகக் கூடாது. அக்காவின் கணவர் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுக் கூலி வேலை தேடினார். கட்டட வேலை எல்லாம் நின்றுபோன காலம் அது.

எரிபொருளுக்குத் தவித்த இதே ஊரில், சீனன்குடாவில், பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. அந்த வருடம் ஜனவரியில்தான் அவற்றைப் பங்கிட்டு ஒப்பந்தம் எழுதினார்கள்: 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. அரச கூட்டுத்தாபனத்தின் கையிருப்பு வற்றிய வாரங்களில் சீனன்குடாவில் இருந்துதான் பவுசர்கள் வெளி மாவட்டங்களுக்குப் போயின. அவை போகும் வீதியோரத்தில் எங்கள் ஊர் ஓட்டோக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றன. பிறிமா மா ஆலையும் அதே குடாவில்தான் இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கும் கோதுமை இங்கே அரைபட்டு நாடெங்கும் போகிறது. அதற்காக இங்குள்ள பேக்கரியில் பாண் விலை குறைவதில்லை. மின்கட்டணம் நாடு முழுவதும் ஒன்று, மருந்து விலை ஒன்று. காஸ் சிலிண்டரின் விலையோ ஏற்றுக்கூலி சேர்வதால் கொழும்பைவிடக் கூட. மலிவான ஊர் என்று நான் சொன்னதில் உண்மையாக மலிவாக இருந்தவை எவை என்று அந்த வருடம்தான் பிரித்துப் பார்த்தேன். வாடகை, மீன், மனித உழைப்பு. தொழிற்சாலையில் செய்து பெட்டியில் வருகிற எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. வேறு வருமானத்துக்கு வழியில்லாத உள்ளூர் மனிதரிடம் இருந்து நேரடியாக வாங்கியவை மட்டும்தான் இருந்தன.

பிறகு அரசின் எண்களையும் எடுத்துப் பார்த்தேன். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டவாரியாக வறுமைக் கோடு வெளியிடுகிறது. ஓர் ஆள் மாதம் உயிர்வாழ ஆகக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு அது. ஆகக் கூடியது கொழும்பு, ஆகக் குறைந்தது மொனராகலை. அந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரமில்லை, பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள்தான் வருகிறது. அதே திணைக்களத்தின் 2019 குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 132,433 ரூபா. நாட்டுச் சராசரி 76,414. கிழக்கு மாகாணம் அந்தச் சராசரிக்கும் கீழே. வாழத் தேவையான காசு கிட்டத்தட்ட ஒன்று, கைக்கு வருகிற காசு பாதி. வாழ்க்கைச் செலவு குறைந்த ஊர் என்று நாம் எழுதுகிற இடங்களில் பலவற்றின் நிலை இதுதான் என்று நினைக்கிறேன். மிசிசிப்பியும் அப்படித்தான். அமெரிக்காவில் செலவு மிகக் குறைந்த மாநிலங்களில் ஒன்று, குடும்ப வருமானம் மிகக் குறைந்த மாநிலங்களிலும் ஒன்று.

அம்மா எங்களோடு வந்து இருந்த காலத்தில் நெஞ்சுவலி வந்தது. இங்கே பார்த்துவிட்டு, மேற்கொண்டு செய்யக் கொழும்புக்குக் கொண்டுபோங்கோ என்று கடிதம் தந்தார்கள். கொழும்பு 260 கிலோமீற்றர். வான் பிடித்தோம், உறவினர் வீட்டில் தங்கினோம், அம்மா பிழைத்தார். கொப்பியில் அது பெரிய செலவு, ஆனாலும் செலவுதான். அக்காவின் மாமியாருக்கும் அதே போல ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை. போகவும் வரவும், கூடப் போகிறவர் தங்கவும், அந்த நாட்களில் இழக்கும் கூலிக்கு ஈடாகவும் காசு வேண்டும். அந்தக் கடிதம் பொலித்தீன் பையில் சுற்றிச் சுவரில் தொங்கியது. தூரம் என்பது எனக்கு ஒரு செலவு வரி, அவர்களுக்குச் செய்யாமல் விட்ட காரியம். செய்யாமல் விட்டது எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறாது. ஏழைக் குடும்பத்தின் மாதச் செலவு குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு இன்றும் ஆறாமல் இருப்பது வாடகை விசயம். 2021 இல் வீட்டுக்காரர் 35,000 கேட்டபோது பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். வெள்ளவத்தையை நினைத்தால் அது அப்போதும் பாதிதான். எனக்குப் பிறகு கொழும்பில் இருந்து இன்னும் சில குடும்பங்கள் வந்தன. ஒழுங்கை முனையில் ஒரு வீடு வெள்ளைக்காரருக்கான விடுதியாகியது. நிலாவெளி வரைக்கும் அதே கதை. அக்காவின் வீட்டுக்காரர் 7,000 ஐ 12,000 ஆக்கினார், பிறகு 15,000 கேட்டார். எதை வைத்துக் கேட்கிறார் என்று அக்கா எனக்குச் சொன்னார்: “முன் வீட்டுத் தம்பி முப்பத்தையாயிரம் குடுக்கிறார், உங்களுக்கு என்ன எண்டு கேக்கிறார்.” என்னைக் குற்றம் சொல்லி அவர் அதைச் சொல்லவில்லை. ஊர் நிலவரம் சொல்வது போலச் சொன்னார். 2023 தொடக்கத்தில் அவர்கள் கடலை விட்டுத் தள்ளிக் கன்னியாப் பக்கம் குடிபோனார்கள். கணவரின் வள்ளம் உப்புவெளிக் கரையில்தான். மீன் படுகிற காலத்தில் அவர் கரையில் ஒரு வாடியில் படுத்துக்கொள்கிறார். அக்கா பஸ் மாறி வருகிறார்.

டல்சாவின் 10,000 டொலர் எனக்கு யாரும் தரவில்லை. மற்றப்படி நான் செய்தது அதையேதான். வெளியில் இருந்து சம்பளத்தைக் கொண்டுவந்து, உள்ளூர்க் கூலியை அடித்தளமாக வைத்து வசதியாக இருந்தேன். ஏணியில் எனக்குக் கீழேயும் படி இருந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். இந்த ஊருக்குப் படித்த பிள்ளைகள் வேண்டும், காசும் வேண்டும். 1990 இல் போனவர்களின் பிள்ளைகள் வருவதில் எனக்குள்ள ஆசை சாதாரணமானதல்ல. ஆனால் வருகிறவர் உழைப்புக்கு என்ன விலை கொடுக்கிறார், வாடகைக்கு என்ன ஒத்துக்கொள்கிறார் என்பதைத் தன் வீட்டுக் காரியம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. கூலியில் ஊர் வழக்கத்தையும் வாடகையில் கொழும்பு வழக்கத்தையும் பிடித்துக்கொண்டால் ஒழுங்கையில் முதலில் இருந்தவர் கன்னியாவுக்குத்தான் போக வேண்டும். நான் இரண்டையும் செய்தவன்.

குடிபோன பிறகு அக்கா, பஸ் காசு கட்டாது, வேலையை விடப்போகிறேன் என்றார். எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். நீங்களே சொல்லுங்கோ தம்பி என்றார். இல்லை, உங்கள் கணக்கை நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுகிறேன் என்றேன். மேசையில் எதிரே இருக்கச் சம்மதிக்கவே நேரம் எடுத்தது. பிறகு சொல்லத் தொடங்கினார். அரிசி, வாடகையில் பாதி, பஸ், மகளின் ரியூஷன், சீட்டுக் காசு, அடைவு வட்டி. நான் நினைத்திராத ஒன்றும் இருந்தது: “வாடைக்கு.” கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பினால் தை வரைக்கும் கடல் ஒழுங்காகத் திறக்காது. அந்த மாதங்களுக்காக மற்ற மாதங்களில் எடுத்துவைக்க வேண்டிய காசு அது. இத்தனை வருடமும் அதை எடுத்துவைக்க முடிந்ததே இல்லை, கடன்தான் என்றார்.

கூட்டினேன். நான் அப்போது கொடுத்துக்கொண்டிருந்த 15,000 இன் இரண்டு மடங்கு வந்தது. மனைவியும் நானும் அன்றிரவு எங்கள் கொப்பியை எடுத்துப் பார்த்தோம். கொடுக்க முடியும். 2019 இலும் கொடுக்க முடிந்திருக்கும்.

அன்றில் இருந்து அதைத்தான் கொடுக்கிறேன். 2025 ஏப்ரலில் முழுநேர வேலைக்குச் சட்டம் விதித்த ஆகக்குறைந்த சம்பளம் 27,000 ஆனபோது, உங்களால் எங்களையும் கூட்டித் தரச் சொல்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் என்னிடம் குறைப்பட்டார். எங்கள் கொப்பியில் இப்போது அக்காவுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் இருவரும் இருந்து அதைத் திரும்பப் பார்க்கிறோம். இது போதும் என்று அவர் ஒரு தரமும் சொன்னதில்லை. இந்த முறை ரியூஷன் வரியை வெட்டச் சொன்னார், மகள் சோதனை எழுதி முடித்துவிட்டாள். அந்தக் காசை வாடகை வரியில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். உப்புவெளியில், வள்ளம் நிற்கும் கரைக்குப் பக்கத்தில், திரும்ப ஒரு வீடு பார்க்கிறாராம். 15,000 க்கு இனி அங்கே ஒன்றும் இல்லை. தெரிந்தவர்களிடம் நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.